தொழிலாளர் திரட்டும் நிதியும் கடைக்காரர் கடமையும்



மணவாள நகர், காக்களூர், கும்மிடிப்பூண்டி ஆகிய பகுதிகளில் மளிகைக் கடை நடத்தும் நமக்குத் தொழிற்சாலைச் சங்கொலிதான் பஞ்சாங்கம். சம்பள நாள் வந்தால் நம் கல்லாவில் வரவு. ஆலையில் ஆட்குறைப்பு என்றால் நம் பேரேட்டில் பாக்கி. 2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றபோது, வேலை இழந்தவர்களோடு அவர்களை நம்பியிருந்த சிறு கடைகளும் அடிபட்டன.

அத்தகைய நேரத்தில் வேலையில் இருக்கும் தொழிலாளர்கள், வேலை இழந்த தோழர்களுக்காகச் சம்பள நாளில் பணம் திரட்டுவது உண்டு. 2012-ல் வடக்கே மானேசரில் மாருதி கார் ஆலையில் ஒரு மேலாளர் உயிரிழந்த கலவரத்துக்குப் பின் 546 நிரந்தரத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர். அந்த வழக்கின் நியாய அநியாயத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்காக, வேலையில் இருந்தவர்கள் தம் சம்பளத்திலிருந்து நிதி கொடுத்தார்கள். அப்படித் திரளும் பணத்தில் பெரும்பகுதி கடைசியில் மளிகைக் கடைக்குத்தான் வருகிறது. அதை நாம் எப்படிக் கையாள வேண்டும்? இதுவே இன்றைய பாடம்.

நான் செய்த தவறு

2009-ஆம் ஆண்டு உலக மந்தத்தில் இங்குள்ள உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 30 பேருக்கு வேலை போயிற்று. மீதமிருந்த 300 பேர் தலைக்கு 50 ரூபாய் போட்டு, மாதம் 15,000 ரூபாய் திரட்டினார்கள். குடும்பத்துக்கு 500 ரூபாய். ரேஷனில் அரிசி கிலோ 1 ரூபாய்க்குக் கிடைத்த காலம் அது. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்க்கு அந்த 500 ஓரளவு போதும். பணத்தை என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவரிடம் கட்டினார்கள்.

அந்த 30 குடும்பங்களும் அவருக்கு ஏற்கெனவே சுமார் 38,000 ரூபாய் பாக்கி. அவரோ எனக்குப் பாக்கி. "வசூல் பண்ணுங்கள், இல்லாவிட்டால் அடுத்த லோடு இல்லை" என்று நான் நெருக்கினேன். அவர் 500-ல் 200-ஐப் பழைய பாக்கிக்குப் பிடித்துக்கொண்டு 300-க்கு மட்டும் சரக்குப் போட்டார். இரண்டு மாதம் நடந்தது. மூன்றாம் மாதம் ஒரு தொழிலாளி வந்து நின்றார்: "அண்ணாச்சி, இது நாங்க போட்ட காசு. அவன் பாக்கிக்குப் போட்ட காசு இல்லை."

பிடித்தது 12,000 ரூபாய். ஆனால் பணம் கொடுத்த 300 பேரும் அதே கடையின் வாடிக்கையாளர்கள் என்பதை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். பாதிப்பேர் கடை மாறினார்கள். மாதம் ஒன்றரை லட்சம் வியாபாரம் போனது. அவர் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போனார். அவர் கணக்கு என் பேரேட்டில் இன்றும் நேராகவில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது.

பழைய சரித்திரம் சொல்வது

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் பிறந்தது. அதன் தலைவர் பி.பி.வாடியா, திரு.வி.க. துணை நின்றார். ஆனால் அதற்கு வித்திட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். இருவரும் பின்னி ஆலைப் பகுதியில் கடை வைத்திருந்த சிறு வணிகர்கள். ஆலைத் தொழிலாளர்கள் அவர்கள் கடைக்கு வந்துதான் தம் குறைகளைச் சொன்னார்கள். கடைக்காரர் காது கொடுத்தால் ஒரு சரித்திரமே பிறக்கும்.

காது கொடுக்காவிட்டால்? இங்கிலாந்தில் ராக்டேல் நெசவாளர்கள் கலப்படச் சரக்கும் கடன் தொல்லையும் தாங்காமல், வாரம் சில பென்ஸ் சேர்த்து, 28 பவுன் முதலில் 1844 டிசம்பர் 21 அன்று தாமே கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி என்று சில சரக்கே இருந்தது. சரியான எடை, ரொக்க வியாபாரம் என்பதே கொள்கை. அதுவே உலகக் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு முன்மாதிரி ஆனது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நிதிப் பணத்தைத் திரட்டியவர்கள் பெயரில் முன்பணமாக வரவு வைத்து ரசீது கொடுங்கள். அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

2. பழைய பாக்கிக்கு அதில் ஒரு பைசாவும் பிடிக்காதீர்கள். பாக்கி போய்விடும் என்ற பயம் வேண்டாம். கடனுக்கு விற்ற சரக்குக்கு வழக்கிட, காலவரையறைச் சட்டப்படி 3 ஆண்டு உண்டு. அதற்குள் வாடிக்கையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து மீண்டும் 3 ஆண்டு. நோட்டில் ஒரு கையெழுத்து வாங்குங்கள். வேலை கிடைத்த பின் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. ரொக்க வாடிக்கையாளருக்கு உள்ள விலையே இவர்களுக்கும். சாமான் வாரியாகப் பில் போட்டு, நகலைப் பணம் திரட்டியவர்களிடம் கொடுங்கள்.

4. மற்றவர் எதிரில் "நிதிச் சாமான்" என்று உரக்கச் சொல்லாதீர்கள். நேற்றுவரை சம்பளம் வாங்கியவர் அவர்.

5. மொத்த வியாபாரிகளே! இத்தகைய கணக்கு நடத்தும் சில்லறைக் கடைக்கு ஒரு மாதம் கூடுதல் தவணை கொடுங்கள். நாம் மேலே நெருக்கினால் அவர் கீழே நெருக்குவார்.

சட்ட நிவாரணம் எவ்வளவு?

50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்ந்து பணி செய்தவருக்குத் தற்காலிக வேலையிழப்பில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி உண்டு. ஆட்குறைப்பு என்றால் பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். பதிலித் தொழிலாளிக்கும் தற்காலிகக் கூலிக்கும் அந்தப் பாதிச் சம்பளம்கூடக் கிடையாது. அவர்களுக்குத் தோழர்கள் போடும் பணமே அடுப்பெரிக்கும்.

ஆகவே, அந்தப் பணம் நம் கடைக்கு வரும்போது, 300 வீட்டுக் கண்களும் நம் தராசைப் பார்க்கின்றன என்று நினையுங்கள். பாக்கி பின்னால் வரும். போன வாடிக்கை திரும்பாது.