திருகாணி வேண்டாம், பசை போதும்

கேள்வி: என் தாய்மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1960-களின் நடுவில் நியூயார்க்கில் ஒரு கிப்சன் ஜே-45 கிட்டார் வாங்கிவந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அது எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அண்மையில் இறக்கும்போது கைநழுவி விழுந்து, கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் மரம் பிளந்துவிட்டது. துண்டாகவில்லை, முன்பக்கத்துக் கறுப்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பிளாஸ்டிக் பிரிட்ஜில் கீறல் இருக்கிறது. முன்பலகையிலும் ஒரு விரிசல். தெரிந்த ஆசாரி, பசை வைத்து இரண்டு திருகாணி முடுக்கினால் போதும் என்கிறார். செய்யலாமா? என் மகளுக்கு இதில் வாசிக்க ஆசை.

— வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: திருகாணி வேண்டவே வேண்டாம். ஆசாரியின் கைவேலையைக் குறை சொல்லவில்லை. கதவு நிலைக்கு அவர் சொல்வது சரி, கிட்டார் கழுத்துக்குச் சரிவராது. கழுத்தை நேராக வைத்திருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்ய, நட்டை ஒட்டித் தலைப்பக்கம் ஒரு குழி வெட்டியிருப்பார்கள். கிட்டாரிலேயே மரம் மிகக் குறைவாக உள்ள இடம் அதுதான். போதாததற்கு, அந்தக் காலத்துக் கிப்சன் தலை 17 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மொத்தக் கழுத்தும் ஒரே மஹோகனித் துண்டில் இழைத்தது என்பதால், சாய்வு தொடங்கும் இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே அறுபட்டுவிடும். மல்லாக்க விழுந்தால் அங்கேதான் விடும். கம்பெனியே 1960-களின் பிற்பகுதியில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்து, பிறகு அந்த இடத்தில் மரத்தையும் தடிமனாக்கிப் பார்த்தது. அங்கே திருகாணிக்குத் துளை போட்டால் இருக்கிற கொஞ்ச மரமும் போகும். நாளைக்கு யாராவது முறையாகச் சரிசெய்ய முனைந்தால், உள்ளே இரும்பு குறுக்கே நிற்கும்.

முதலில் தந்திகள் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். 12 எண் செட் முழுச் சுருதியில் இருக்கும்போது ஏறத்தாழ 70 கிலோ இழுவிசை இருக்கும். பிளவு எவ்வளவு போயிருக்கிறது என்று திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். நார்கள் மடங்கிவிட்டால் அப்புறம் வாய் பொருந்தாது. ‘உடனே ஒட்டும்’ சூப்பர் க்ளூவைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். எனக்கு வருகிற வேலைகளில் பாதி, விழுந்ததைச் சரிசெய்வதல்ல, விழுந்த பிறகு வீட்டில் செய்த வைத்தியத்தைச் சரிசெய்வது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிளவு ரேகையை ஒட்டிச் சாய்வாக, நீளமாகப் போயிருக்க வேண்டும். அப்படியென்றால் நல்லது, ஒட்டுவதற்குப் பரப்பு அதிகம். மரவேலைக்கான மஞ்சள் பசை அல்லது சூடாக்கிய வஜ்ஜிரம், இரண்டில் எதுவானாலும் சரி. பசை போடுவதற்கு முன், வெறுமனே க்ளாம்ப் பிடித்து ஒத்திகை பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கழுத்தின் பின்பக்க வளைவுக்கு ஏற்றபடி ஒரு கட்டையைக் குடைந்து, கார்க் ஒட்டி, இடையில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கினால் கோடு தெரியாமல் மூட வேண்டும். மூடவில்லையென்றால் உள்ளே ஒரு சிலாம்பு மடங்கிக் கிடக்கிறது, அதை எடுக்காமல் பசை போடக் கூடாது. பிறகு மெல்லிய தகட்டால் பசையைப் பிளவின் அடிவரை தள்ள வேண்டும். வாயில் மட்டும் தடவினால் ஒரு வருஷம்கூடத் தாங்காது. ட்ரஸ் ராட் குழிக்குள் பசை இறங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஒரு நாள் முழுக்க க்ளாம்பில் இருக்கட்டும், தந்தி ஏற்றச் சில நாள் பொறுங்கள். சரியாக ஒட்டினால் அந்த இடம் பக்கத்து மரத்தைவிட பலவீனமாக இருக்காது. முறிவு குட்டையாக இருந்தாலோ, முன்பே ஒருமுறை ஒட்டி விட்டிருந்தாலோதான், பின்னால் இரண்டு காடி வெட்டி மஹோகனிப் பட்டைகளைப் பதிக்க வேண்டிவரும்.

பிரிட்ஜ் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, மாற்றிவிடுங்கள். 1960-களில் சில வருஷம் கிப்சன் இப்படி உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் பிரிட்ஜை, அடியிலிருந்து திருகாணி போட்டுப் பொருத்தியது. அது வளையும், கீறும், ஒலியையும் கொஞ்சம் அமுக்கும். ரோஸ்வுட்டில் அதே அளவில் செய்து ஒட்டலாம். பழையதைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வையுங்கள், நாளைக்கு விற்க நேர்ந்தால் கேட்பார்கள். விலை என்றதும் இன்னொன்று: தலை முறிந்து ஒட்டிய பழைய கிட்டார், எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும், முறியாததன் விலையில் பாதிக்கு அருகில்தான் போகும். வாசிப்பதற்குத்தான் என்றால் அதை நினைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

முன்பலகை விரிசலை அவசரமாக ஒட்ட வேண்டாம். பரண் உஷ்ணத்தில் ஸ்ப்ரூஸ் மரம் சுருங்கிய விரிசலாக இருக்கலாம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் உள்ள அறையில் சில வாரம் வைத்தால் தானாகவே நெருங்கிவரும், அதன்பின் ஒட்டி, உள்பக்கம் விரிசலுக்குக் குறுக்கே சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் வில்லைகளை வைத்தால் போதும். ஒலித் துவாரம் வழியே கைவிட்டு, உள்ளே ஓடும் தாங்குசட்டங்களையும் விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ‘டொக்டொக்’ என்று ஆடும் சட்டம் கழன்றிருக்கிறது, அதையும் சேர்த்தே ஒட்டச் சொல்லுங்கள்.

செலவு எகிறக்கூடிய இடம் கழுத்தின் கோணம். நேரான ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் படிய வைத்து நீட்டினால், முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். அதற்குக் கீழே இடித்தால் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தியாக வேண்டும். தலையை ஒட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால் மொத்தச் செலவும் தெரிந்துவிடும்.

வார்னிஷைச் சுரண்டிப் புதிதாக அடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தின்னர் பட்டால் கரையும், ரப்பர் ஸ்டாண்டில் நாட்கணக்கில் சாய்த்து வைத்தாலே தழும்பு விழும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

உங்கள் பக்கம் கிட்டார் பழுது பார்ப்பவர் இல்லையென்றால், வஜ்ஜிரத்தில் வேலை செய்து பழகிய வயலின் பழுதுக்காரரைத் தேடுங்கள். சிங்கப்பூருக்கோ வேறெங்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால், விரல் பலகை எந்த மரம் என்று முதலில் உறுதி செய்யுங்கள். அந்தக் காலத்தில் பிரேசில் ரோஸ்வுட் பரவலாகப் புழங்கியது. 1992 முதல் அதை அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது.

எல்லாம் முடிந்தபின் மகளுக்கு 11 எண் செட் போட்டு, முதல் சில வாரம் அரைச் சுருதி இறக்கி வாசிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் தடித்த பக்கம் இரண்டரை மில்லிமீட்டருக்குள்ளும், மெல்லிய பக்கம் இரண்டுக்குள்ளும் இருந்தால் புது விரல்களுக்கு வலிக்காது.