அடுப்பில் வீணாகும் உஷ்ணம்

வயலுக்குப் பாயும் நீர் வாய்க்காலில் கசிந்தால் நாம் வாளாவிருப்பதில்லை. உடனே மண்வெட்டியெடுத்துக் கரையை அடைக்கிறோம். ஆனால் வீட்டு அடுப்பில் நாள்தோறும் கசிந்து போகும் உஷ்ணத்தை நாம் கவனிப்பதில்லை. மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில், விறகு தரும் உஷ்ணத்தில் ஏறக்குறைய 10 முதல் 15 விழுக்காடே பாத்திரத்தைச் சேருகிறது. எஞ்சியது காற்றோடும் புகையோடும் போய்விடுகிறது. அந்த நட்டத்தை ஈடுசெய்ய விறகு சுமப்பவர்களும், புகையில் கண் கலங்க நிற்பவர்களும் நம் வீட்டுப் பெண்மக்களே.

2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழைக் குடும்பங்கள் பலவற்றிற்கு எரிவாயு அடுப்பு கிடைத்தது. எனினும் சிலிண்டர் தீர்ந்தால் மீண்டும் விறகை நாடும் வீடுகள் உண்டு. அடுப்பு எதுவாயினும் உஷ்ணத்தைக் காக்கும் முறை ஒன்றே.

கொதிநீரின் கணக்கு

ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலையான 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி உஷ்ணம் போதும். அதே நீர் முழுதும் ஆவியாக 540 கிலோ கலோரி வேண்டும். அஃதாவது ஏறக்குறைய எட்டு மடங்கு. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர், தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் சூடேறாது. ஆகவே, தளதளவெனக் கொதித்தால் சோறு விரைவில் வேகும் என்று எண்ணுதல் பொருந்தாது. கூட்டிய தீ நீரை ஆவியாக்கவே செலவாகிறது.

செய்யத்தக்கவை

1. பாத்திரத்தை மூடிச் சமைக்க வேண்டும். கொதி வந்ததும் தீயைத் தணிக்க வேண்டும்.

2. பருப்பைச் சிறிது நேரமும், கொண்டைக்கடலை போன்றவற்றை இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும்.

3. விறகைப் பிளந்து, வெயிலில் உலர்த்தி, மழை படாமல் அடுக்க வேண்டும். ஈர விறகு தன்னிடமுள்ள நீரை ஆவியாக்கவே தன் உஷ்ணத்தைச் செலவிடும், புகையும் மிகும்.

4. அடுப்பின் சாம்பலை அகற்றிக் காற்றுக்கு வழிவிட வேண்டும். பாத்திரத்தின் அடியிலுள்ள கரியைத் தேய்த்து நீக்க வேண்டும்.

5. அகன்ற மூங்கிற்கூடையின் அடியிலும் சுற்றிலும் உலர்ந்த வைக்கோலைக் கனமாகத் திணித்து, நடுவே பாத்திரம் அமரக் குழி செய்யலாம். நீரை அளவாக வைத்த அரிசி சில நிமிடம் கொதித்தபின், மூடியோடு இறக்கி அதில் வைத்து, வைக்கோல் திணித்த சாக்கால் மூடினால், எஞ்சிய வேக்காடு தீயின்றியே முடியும். வைக்கோலிடையே தங்கிய அசையாக் காற்று உஷ்ணத்தை எளிதில் வெளிவிடாது. பாத்திரம் ஏறக்குறைய நிறைந்திருத்தல் நலம். சிறிதளவு உணவு விரைவில் ஆறிவிடும். கூடையைத் தீயருகே வைத்தலாகாது. உணவைச் சூடு ஆறுமுன் உண்ண வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

சொல்லிக் கேட்பதினும் கண்ணால் கண்டால் நம்பிக்கை பிறக்கும். கிராம சபை கூடும் நாளில் இரண்டு அடுப்புகளை மூட்டுவோம். சம எடை விறகும் சம அளவு அரிசியும் நீரும் கொடுத்து, ஒன்றில் திறந்தும் பெருந்தீயிட்டும், மற்றொன்றில் மூடியும் தீயைத் தணித்தும் சமைக்கச் செய்வோம். சோறு வெந்தபின் எஞ்சிய விறகை யாவர் முன்னிலையிலும் நிறுத்துக் காட்டுவோம். தராசே சான்று கூறும். மிச்சமாகும் ஒவ்வொரு சுமை விறகும், நம் பெண்மக்களுக்கு மிச்சமாகும் உழைப்பாகும்.