அகரவரிசை அறிந்த அட்டவணை

இணையப் பக்கத்தில் உள்ள அட்டவணையின் தலைப்பைச் சொடுக்கினால், அதன் நிரைகள் இடம் மாறி வரிசையாக அமைவதைக் காணலாம். அவை சட்டென மாறாமல் மெல்ல நகர்ந்தால், எது எங்குச் சென்றது என்பதைக் கண் எளிதில் தொடரும். அசைவூட்டத்தின் பயன் இதுவே.

கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். யூனிகோடு முறையில் 'ழ' என்னும் எழுத்தின் எண் 2996. 'வ' என்னும் எழுத்தின் எண் 2997. எண்ணை மட்டும் கொண்டு அடுக்கினால், 'அழகு' முன்னும் 'அவல்' பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கிலோ வகரமே முந்தியது. ஆகவே அகராதியில் 'அவல்' முதலில் நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் சொற்களை ஒப்பிடும்போது, மொழி தமிழ் எனக் குறிப்பிட்டால் இப்பிழை நீங்கும். குறிப்பிடாவிட்டால் கணினி பிழையை உணராது. அதனைக் கண்டறிய நெடுங்கணக்கு அறிந்த ஒருவர் வேண்டும். அவர் நீங்களாக இருக்கலாம்.

பயிற்சி

1. கனி, கவிதை, கமலம் ஆகிய சொற்களை அகரவரிசையில் எழுதுக.
2. 'ன' 2985, 'ம' 2990, 'வ' 2997 என்னும் எண்களின்படி அவற்றை அடுக்குக. எச்சொல் இடம் மாறியது? ஏன்?