பெயரைக் கேட்பதா, திறமையைக் கேட்பதா?

கணிப்பொறியின் உறுப்புகளிடம் நம் நிரலுக்காக வேலை வாங்கித் தருவது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓ.எஸ். முதலியவை இயங்குதளங்கள். கோப்பைத் திறப்பது போன்ற வேலைகளை எல்லாமே செய்யும். ஆனால் சில வசதிகள் ஒன்றில் உண்டு, மற்றொன்றில் இல்லை. உதாரணமாக, ஓடும் நிரல் தன்னைப் போலவே மற்றொன்றை உண்டாக்கும் 'ஃபோர்க்' வசதி லினக்ஸில் உண்டு. விண்டோஸில் ஓடும் பைத்தானில் இல்லை.

நீங்கள் எழுதிய நிரல் எந்தக் கணிப்பொறிக்குப் போகுமோ தெரியாது. அங்கே ஒரு வசதி உண்டா என்று அது எப்படி அறியும்? பைத்தான் மொழியில் மூன்று வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, பெயரையும் பதிப்பு எண்ணையும் கேட்பது. இதில் ஓர் ஆபத்து உண்டு. 2021இல் பைத்தான் 3.10 வெளிவந்தது. '3.10', '3.9' இரண்டையும் எழுத்துகளாக ஒப்பிட்டால் எது பெரியது? முதலில் 3, பிறகு புள்ளி, இவை சமம். அடுத்து 1-ஐயும் 9-ஐயும் ஒப்பிட்டு, 3.10 தான் சிறியது என்று விடை வரும்! அதை நம்பும் நிரல், புதிய பதிப்பைப் 'பழையது' என்று திருப்பி அனுப்பிவிடும். தவறே செய்யாதவருக்கு வேலை நின்றுபோகும்.

இரண்டாவது வழி, வசதியையே கேட்பது. 'ஹேஸ்ஆட்டர்' என்ற கட்டளையிடம், 'ஓ.எஸ். தொகுதியில் ஃபோர்க் உண்டா?' என்று கேட்டால் 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்' என்று விடை தரும். பெயரை ஊகிக்கத் தேவையில்லை.

இது போதுமா? போதாது. அலமாரி இருந்தாலும் சாவி கையில் வேண்டுமல்லவா? ஒரு கோப்புக்கு வேறிடத்திலிருந்து வழிகாட்டும் 'சிம்லிங்க்' கட்டளை விண்டோஸிலும் உண்டு. ஆனால் அனுமதி இல்லாதவர் பயன்படுத்தினால் பிழை எழும். ஆகவே மூன்றாவது வழி: 'ட்ரை' என்று முயன்று பார்ப்பது, பிழை எழுந்தால் 'எக்செப்ட்' பகுதியில் மாற்று வழி வைப்பது. இணைப்பு அமையாவிட்டால் கோப்பை நகல் எடுக்கலாம். நிரல் நடுவழியில் நிற்காது.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு விண்டோஸ் கணிப்பொறியிலும் ஒரு லினக்ஸ் கணிப்பொறியிலும் ஃபோர்க் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். நிரல் ஒன்றே, விடைகள் ஏன் வேறாகின்றன என்று நண்பர்களுக்கு விளக்குங்கள்.