12 வோல்ட்டில் 230 வோல்ட்: நாமே செய்வோம் ஓர் இன்வெர்ட்டர்!

– மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை

லேபில் டிரான்ஸ்ஃபார்மரை 230-லிருந்து 12-க்கு இறக்கித்தான் பார்த்திருக்கிறோம். அதையே தலைகீழாகப் போட்டால் 12-லிருந்து 230 வருமா? வரும். ஆனால் பேட்டரியை நேரே கொடுத்தால் வராது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் வேண்டும், டி.சி. கொடுத்தால் சுருள் சூடாகும், அவ்வளவுதான். ஆகவே டி.சி.யை வினாடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் திருப்பிவிட ஓர் ஆள் தேவை. இன்வெர்ட்டரின் வேலையே இதுதான்.

இதற்கு சி.டி. 4047 என்ற 14 கால் ஐ.சி. போதும். 555-ஐ வைத்தும் சிலர் செய்கிறார்கள். அதில் ஒரே ஒரு வெளியீடுதான். 4047-ல் 10, 11-ஆம் கால்களில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வெளியீடுகள் தயாராகவே கிடைக்கின்றன. உள்ளே ஃபிளிப்-ஃபிளாப் இருப்பதால் இரண்டு பாதியும் சரிசமம்.

4, 5, 6, 14 கால்களை பாசிட்டிவிலும், 7, 8, 9, 12 கால்களை நெகட்டிவிலும் சேர்க்கவும். 1-க்கும் 3-க்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் பாலியஸ்டர் கெபாசிட்டர். 2-க்கும் 3-க்கும் இடையே ரெசிஸ்டர். ஒரு முழுச் சுற்றின் நேரம் 4.4 × ஆர் × சி. 50 ஹெர்ட்ஸுக்கு 20 மில்லி செகண்ட் வேண்டும். கணக்குப் போட்டால் ரெசிஸ்டர் ஏறக்குறைய 45.5 கிலோ ஓம் வரும். அந்த மதிப்பில் கடையில் கேட்டால் சிரிப்பார்கள்! 33 கிலோ ஓமுடன் 22 கிலோ ஓம் ப்ரீசெட் ஒன்றைத் தொடராகப் போட்டுத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்து, கரண்டைத் தாங்கும் பகுதி. பழைய சர்க்யூட்களில் 2என்3055 டிரான்சிஸ்டர் இருக்கும். 4 ஆம்பியரில் அதன் கெய்ன் 20 வரை இறங்கிவிடலாம். அப்படியானால் பேஸுக்கு மட்டும் 200 மில்லி ஆம்பியர் வேண்டும். 4047 தருவது சில மில்லி ஆம்பியர்தான். எனவே ஐ.ஆர்.எஃப். இசட் 44என் மாஸ்ஃபெட் இரண்டு வாங்குங்கள். கேட்டுக்கு நிலையான கரண்டே தேவையில்லை. 10, 11-ஆம் கால்களிலிருந்து ஆளுக்கு ஒரு 100 ஓம் வழியாக கேட்டுக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம். சோர்ஸ் இரண்டும் நெகட்டிவுக்கு. ஒன்றை மறக்காதீர்கள்: மாஸ்ஃபெட்டின் உலோக முதுகுதான் டிரெயின். இரண்டையும் மைக்கா தாள் வைக்காமல் ஒரே ஹீட் சிங்க்கில் முறுக்கினால் இரண்டு டிரெயினும் ஷார்ட் ஆகிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, 5 ஆம்பியர். நடு முனை 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக பேட்டரி பாசிட்டிவுக்கு; ஓர முனைகள் இரண்டும் டிரெயின்களுக்கு. "9-0-9 போடு தம்பி, வோல்டேஜ் நல்லா ஏறும்" என்று கடைக்காரர் சொல்லுவார். ஏறத்தான் செய்யும். ஆனால் 9 வோல்ட் சுருளில் 12 வோல்ட் சதுர அலையைக் கொடுத்தால் கோரில் காந்தப்பாயம் அதன் அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. கோர் நிறைந்து, உறுமி, சும்மா இருக்கும்போதே சூடாகும். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் 12-0-12-தான் என் ஓட்டு.

டிரான்ஸ்ஃபார்மரை இணைக்கும் முன் 10, 11-ஆம் கால்களை மல்டிமீட்டரின் டி.சி. ரேஞ்சில் பாருங்கள். இரண்டிலும் சுமார் 6 வோல்ட் காட்டினால் ஐ.சி. ஆடுகிறது. ஒன்றில் 12, மற்றதில் 0 என்றால் ஆடவில்லை. அப்படியே டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்தால் ஃபியூஸ் போகும். இன்னொரு வேடிக்கை: சாதாரண மல்டிமீட்டர் சைன் அலைக்கே அளவிடப்பட்டது. சதுர அலையை 11 சதவீதம் கூட்டிக் காட்டும். அது 230 என்றால் உண்மையில் 207-தான்.

இனி, நான் இக்கட்டுரையை எழுதியதற்கே காரணமான விஷயம். சிலர் ஒயரின் இரு முனையிலும் பிளக் மாட்டி, இன்வெர்ட்டரை வீட்டுச் சுவரின் சாக்கெட்டிலேயே சொருகி வீடு முழுக்க லைட் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே போகும். தெரு முழுதும் சேர்ந்து இழுத்தால் நம் சின்ன இன்வெர்ட்டர் படுத்துவிடும்தான். ஆனால் கம்பி அறுந்து கிடந்தால்? இழுக்க லோடே இல்லை. அறுந்த முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பெரிய ஜெனரேட்டர் என்றால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டாக்கியும் அனுப்பக்கூடும். எங்கப்பா கம்பம் நடும் ஒப்பந்தக் கூலி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு ராப்பகலாக அறுந்த கம்பிகளுக்கு நடுவேதான் நின்றார். லைன் ஆஃப் என்று சொன்னதை நம்பித்தான் அவர்கள் கை வைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் சர்க்யூட் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அவருக்கு நான் வரைந்து காட்டிய முதல் படமும் இதுதான். "ஓஹோ, அப்படியும் வருமா" என்றார்.

ஆகவே இன்வெர்ட்டர் பெட்டியிலேயே தனி சாக்கெட் வைத்து, அதில் மட்டும் லோடு கொடுங்கள்.

என்ன லோடு? 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு தாராளம். புது 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரியில் இரண்டு மணி நேரமாவது எரியும். சைன் அலையின் உச்சம் 325 வோல்ட். நம்முடையதில் 200 சொச்சம்தான். அதனால் சில எல்.இ.டி. பல்புகள் மங்கும், சில எரியவே எரியாது. பல்பு கெட்டுவிட்டதாக எண்ணித் தூக்கிப் போடாமல் வேறு வகை மாற்றிப் பாருங்கள். ஃபேன் போட்டால் உறுமிச் சூடாகும், வேண்டாம். பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு வருமுன் நிறுத்திவிட்டு அன்றே சார்ஜ் போடவும்.