உணவுக் காப்பும் செலவுப் பங்கீடும்

ஒரு நாடு எத்துணைச் செல்வமுடையதாயினும், சில மாதங்களுக்குரிய உணவேனும் கையிருப்பில் இல்லையாயின், அது கப்பலின் வரவை நம்பி வாழும் நாடேயாகும். இவ்வுண்மையை நாம் ஒருமுறையன்றிப் பலமுறை கற்றுள்ளோம். 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது; இலங்கையில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. 2006 ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டார் கடல் வழியாக வரும் மூடைகளை எதிர்நோக்கியிருந்தனர். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றவே, நாடு முழுவதும் வரிசையில் நின்றது.

ஆகவே, இருப்பு வேண்டுமென்பதில் இருவேறு கருத்தில்லை. அதன் செலவைப் பொறுப்பவர் அரசாங்கமா, வணிகரா, உண்போரா என்பதே வினா. அதனையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் செலவு என்பது யாதெனப் பகுத்தறிதல் வேண்டும். அது நால்வகைப்படும். பொருளை வாங்க முடக்கும் முதல் ஒன்று; அம்முதலுக்குரிய வட்டி மற்றொன்று; பண்டகசாலை வாடகை, காவல், பூச்சி, ஈரம் என்பவற்றால் வருவது மூன்றாவது; வாங்கிய பின் சந்தை விலை வீழ்ந்தால் நேரும் நட்டம் நான்காவது. இந்நான்கையும் ஒருவர் தலையிலே ஏற்றுவதால் விளையும் தீங்கினை நோக்குவோம்.

எல்லாவற்றையும் அரசாங்கமே சுமத்தற்கு எமது நாட்டு வரலாறே சான்று. போர்க்காலத்திலே தொடங்கிய பங்கீட்டு அரிசி, போர் முடிந்த பின்னரும் மானிய விலையிலே வழங்கப்பட்டு வந்தது. கொரிய யுத்தத்தால் உயர்ந்த இறப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. அரிசியின் விலையோ உயர்ந்தே நின்றது. 1952 இல் சீனாவுடன் செய்த இறப்பர்-அரிசி ஒப்பந்தம் ஓரளவு கைகொடுத்ததாயினும், மானியச் சுமை குறையவில்லை. 1953 இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியது. ஆகஸ்ட் 12 ஆந் தேதி கர்த்தால் மூண்டது, உயிர்கள் மாண்டன, அக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். இது மானியத்தின் கதையே. இருப்பின் கதையன்று என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், உணவுச் செலவு முழுவதும் வரவுசெலவுத் திட்டத்தின் ஒரே தூணில் நிற்குமாயின், அத்தூண் அசையும் நாளில் வீடே அசையும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வணிகர் மீதே விட்டுவிடலாமோவெனின், அதுவும் ஏலாது. விற்பனைக்கு வேண்டிய அளவுக்கு மேற் சேர்த்து வைத்தல் வணிகனுக்கு நட்டம். தட்டுப்பாடு வந்தபின் பதுக்கி வைத்தலோ இலாபம். இது தனியொருவரின் தீக்குணமன்று, வாணிபத்தின் இயல்பு. ஈடு யாதும் கொடாது, இத்துணை மாத இருப்பு வைத்திருவென்று சட்டம் மட்டும் ஆணையிடின், சிறு வணிகன் நொடித்துப் போவான். பெருவணிகன் விலையை உயர்த்தித் தப்பிக் கொள்வான்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைச் சுவிற்சர்லாந்து கண்டது. மலைகள் சூழ்ந்து, கடற்கரையே இல்லாத அந்நாடு, தனக்கு வேண்டிய உணவில் ஏறத்தாழப் பாதியையே தானே விளைவிக்கின்றது. முதலாம் உலகப் போரின்போது அங்கு உணவு அருகி, 1918 நவம்பரிலே பொது வேலைநிறுத்தம் மூண்டது. அப்பாடத்தை மறவாது 1938 இல் இன்றியமையாப் பொருள்களின் இருப்புக்கெனச் சட்டம் இயற்றினர். கோதுமை, அரிசி, சீனி, சமையல் எண்ணெய் முதலியவற்றை இறக்குமதி செய்வோர் அரசுடன் ஒப்பந்தஞ் செய்து, மூன்று நான்கு மாதத் தேவைக்குரிய இருப்பை வைத்திருத்தல் வேண்டும்.

அங்கே செலவு பங்கிடப்படும் முறை கவனித்தற்குரியது. பொருள் வணிகனுடையது, வாங்குதல், காத்தல், பழையதை விற்றுப் புதியதை வைத்தல் ஆகியன அவன் பணி. அவன் பெறும் வங்கிக் கடனுக்கு அரசு பிணை நிற்றலால் வட்டி குறைகின்றது. களஞ்சியச் செலவையும் விலை வீழ்ச்சியால் வரும் நட்டத்தையும் ஒரு பொது நிதி ஈடுசெய்கின்றது. அந்நிதிக்கு இறக்குமதியின்போது சிறு கட்டணம் அறவிடப்படும். அது ஈற்றில் உண்போர் கொடுக்கும் விலையிலே சேரும். இவ்வாறு அவரவர்க்கு இயன்ற சுமை அவரவர்க்கு வருகின்றது.

2019 இல் அந்நாட்டு அரசு, கோப்பியில் உடலுக்கு வேண்டும் சக்தி மிகச் சொற்பமாதலின் அதனை இருப்புப் பட்டியலினின்றும் நீக்க முன்மொழிந்தது. எதிர்ப்பு எழவே முடிவு ஒத்திவைக்கப்பட்டது. இருப்பு வைத்திருந்த வணிகருட் பெரும்பாலோரே அதனைத் தொடர விரும்பினர் என்பது குறிப்பிடத்தக்கது. நியாயமாகப் பங்கிட்ட சுமை சுமையாகத் தோன்றாது போலும்!

ஆயினும், அம்முறையை அவ்வாறே பெயர்த்து நடுதல் எளிதென நாம் கூறோம். இரண்டு தடைகள் உள. கையில் டொலர் இல்லாத நாளில் எவ்வொப்பந்தமும் களஞ்சியத்தை நிரப்பாது. வசதியுள்ள காலத்தே நிரப்பிய களஞ்சியமோ சில மாத அவகாசந் தரும். அடுத்து, அரிசிக்கும் மாவுக்கும் விதிக்கும் கட்டணம் செல்வனை உறுத்தாது. கூலியாளின் அடுப்பையே முதலில் உறுத்தும். ஆகவே வறியோர்க்குரிய பங்கை அரசாங்கமே ஏற்றல் வேண்டும். வணிகன் காத்தலை ஏற்க, அரசு பிணையையும் வறியோர் பங்கையும் ஏற்க, வசதியுடையோர் சிறு கட்டணத்தை ஏற்பதே நீதியென்பது எமது துணிபு.

இக்கல்லூரியிற் கற்றோர் சிலர் அரச பணியிலும் சிலர் வாணிபத்திலும் உள்ளனர். ஒரே வாங்கிலிருந்து கணக்குப் படித்த அவ்விருசாராரும், நாட்டின் இக்கணக்கையும் ஒருங்கிருந்து பார்ப்பாராக. இன்று கற்கும் மாணவரும் இதனை மனத்திற் கொள்வாராக. நெல்லைப் பங்கிடும் நாள் வருமுன், செலவைப் பங்கிடக் கற்றல் நன்று.