ஊவாப் பங்களாவில் தங்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் ஊவாவில் ‘காட்டுக்குள் தனிமை’ என்று விளம்பரம் செய்யும் சொகுசு விடுதிகளில் பெரும்பாலானவை காட்டுக்குள் இல்லை, தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கின்றன. விடிவதற்கு முன்பே மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகிறவர்களின் பேச்சு படுக்கையறை வரை கேட்கும். முழு அமைதி வேண்டும் என்பவர்கள் பணம் கட்டுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். என் அம்மாயி பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். தொரை பங்களாவுக்கு விறகு கொண்டுபோனதுண்டு, அதுவும் பின்வாசல் வரைதான். இந்தப் பங்களாக்களில் காசு கொடுத்துத் தங்குவதில் எனக்குக் கொஞ்சம் வீம்பும் உண்டு.

எந்த மாதிரி இடம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன போகும் பாதையில் உள்ள தொட்டுலாகலை, வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பங்களாவை விடுதியாக்கிய வகை. கணப்பு அடுப்பு, அகலமான வராந்தா, பள்ளத்தாக்கைப் பார்த்த புல்வெளி எல்லாம் அங்கே கிடைக்கும். எல்லவில் சின்ன சிவனொளிபாதமலைக்கு எதிரே உள்ள நைன்ட்டி எயிட் ஏக்கர்ஸ், தேயிலைச் சரிவில் புதிதாகக் கட்டிய குடில்கள். உண்மையிலேயே காடு வேண்டுமென்றால் கொஸ்லந்தைக்கு இறங்க வேண்டும். திரைப்பட இயக்குநர் மாணிக் சந்திரசாகராவின் கனவிலிருந்து உருவான லிவிங் ஹெரிட்டேஜ் அங்கேதான் இருக்கிறது. கையில் அவ்வளவு காசு இல்லையென்றால் அப்புத்தளை அடிசம் பங்களாவைக் கேட்டுப் பாருங்கள். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல் மாளிகை அது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சில அறைகளை விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். சொகுசு கிடையாது, ஆனால் தங்கமலைக் காடு பக்கத்திலேயே. பகலில் பார்வையிட வருகிறவர்கள் வார இறுதி, போயா (பௌர்ணமி), பள்ளி விடுமுறை நாட்களில்தான் உள்ளே போகலாம். இரவு தங்குகிறவருக்கு அந்தக் கூட்டம் கலைந்த பிறகு கிடைக்கும் மாலை தனி. மடத்தில் செய்யும் ஸ்ட்ரோபெரி ஜாம் வாங்காமல் வராதீர்கள்.

முன்பதிவு செய்யும்போது அறையின் படத்தை விட்டுவிட்டுப் பாதையைப் பற்றிக் கேளுங்கள். சாதாரண கார் வாசல் வரை வருமா, அல்லது பிரதான வீதியில் நிறுத்திவிட்டு அவர்களுடைய ஜீப்பில் ஏற வேண்டுமா? தோட்டத்துப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் அரை மணிக்கு மேல் எடுக்கும். மாலை நான்கு மணிக்குப் பிறகு பனி இறங்கினால் இன்னும் மோசம். இருட்டுவதற்குள் போய்ச் சேருகிற மாதிரிப் புறப்படுங்கள். 1924இல் பதுளை வரை வந்த ரயில்பாதை இன்றும் நல்ல வழிதான். தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போவதைப் பார்க்கலாம். ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டையே புரட்டிப் போட்டது. ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

பருவத்தை இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை நுவரெலியாப் பக்கம் மழை கொட்டும்போது ஊவா காய்ந்து கிடக்கும். மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு ஈரம் வற்றிய கச்சான் காற்று இந்தப் பக்கம் இறங்குகிறது. அந்த வறட்சியில் கொழுந்துக்குள் மெதைல் சலிசிலேட் கூடுகிறது. மெந்தால் தொட்டது போன்ற அந்த வாசம்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை அதன் காலம். விடுதியில் அந்தத் தோட்டத்துச் சீசன் தேயிலையைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். தேயிலை மலைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு நூல் கட்டிய பையை வெந்நீரில் முக்கிக் குடிக்க இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. ஒன்று மட்டும், கச்சான் அடிக்கும் இரவில் பழைய பங்களாவின் ஜன்னல்கள் விடியும் வரை தடதடக்கும். தூக்கம் லேசானவர்கள் காற்றுக்கு முதுகு காட்டிய அறையைக் கேளுங்கள்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவின் மழைக்காலம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது அந்தப் பருவத்தில்தான். அங்கிருந்து இடம்பெயர வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. துரைமார் தங்கள் பங்களாவுக்கு மேட்டின் தோளில் தண்ணீர் தங்காத இடமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய சரிவிலும் பள்ளத்திலும் லயங்களைக் கட்டினார்கள். இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் தனிமை அன்று துரை தொழிலாளியிடமிருந்து வைத்துக்கொண்ட தூரம்தான். நூறு ஆண்டு நின்ற பங்களாவின் தரையை ஓரளவு நம்பலாம். மலையை வெட்டிச் சமீபத்தில் எழுப்பிய குடில் என்றால், அறைக்குப் பின்னால் போய் ஒருமுறை பாருங்கள். தாங்குசுவர் இல்லாமல் பச்சை மண் வெட்டு தெரிந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் அந்தப் பிரதேசத்துக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தால், கட்டிய முற்பணத்தை நினைத்துத் தயங்காமல் கிளம்பிவிடுங்கள். ஊற்றுநீர் திடீரென்று கலங்குவது, தரையில் புதுவெடிப்பு, மரம் சாய்வது ஆகியவற்றைத் தோட்டத்து ஆட்கள் நமக்கு முன்பே கவனித்துவிடுவார்கள். அவர்கள் பேசுவதைக் காதில் வாங்குங்கள்.

அட்டைக்குப் பயந்து நடக்காமல் இருக்காதீர்கள். நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, மேலே சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் பிடுங்க வேண்டாம். தேசிக்காயோ சித்தாலேபைத் தைலமோ தொட்டு வைத்தால் தானே விழும். அட்டையைவிடப் பயப்பட வேண்டியது குளவிக்கு. குளவி கொட்டித் தொழிலாளர் மருத்துவமனையில் சேர்ந்த செய்தியும் இறந்த செய்தியும் மலைநாட்டில் ஓயாமல் வருகின்றன. தேயிலை மலைக்குள் இறங்கும்போது வழிகாட்டியை முன்னால் விடுங்கள். வாசனைத் திரவியம் பூசாதீர்கள், சத்தம் போடாதீர்கள். நிழல்மரத்தில் கூடு தெரிந்தால் படம் எடுக்க நெருங்காதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு சங்கதி. பட்டியலில் இருப்பது துரைமார் காலத்து ரோஸ்ட்டும் கரமல் புடிங்கும். சமையலறையில் அவர்கள் தங்களுக்குச் சமைப்பது வேறு: தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், மரவள்ளிக்கிழங்கு. காலையிலேயே சொல்லி வைத்தால் ராத்திரிக்குச் செய்து தருவார்கள். சைவர்கள் மறக்காமல் “மாசி போடாமல்” என்று சொல்ல வேண்டும். சம்பலிலும் பருப்பிலும்கூட மாசிக்கருவாடு சேர்ப்பது இங்கே வழக்கம்.

பங்களாச் சமையல்காரரை அப்பு என்பார்கள். நான் தங்கிய ஓரிடத்தில் வயதான அப்பு ஒருவர் “தொரை, டீ கொண்டாரவா?” என்று கேட்டார்.

“அண்ணே, தொரைன்னு கூப்பிடாதீங்க. எங்க அம்மாயி பசறையில கொழுந்து எடுத்தவங்க.”

“எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்?”

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. மறுநாள் லிப்டன் சீட் மலைமுனைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவர்தான் சொன்னார். வெளிச்சம் வருவதற்கு முன்பே ஏறிவிட வேண்டுமாம், ஒன்பது மணியானால் பனி மூடிவிடும். அடிவாரத்தில் தேயிலை வணிகர் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதென்னத் தொழிற்சாலையை இறங்கும்போது பார்க்கலாம். ஞாயிறும் போயாவும் வேண்டாம், அன்று பெரும்பாலும் கொழுந்து வராது.

கொழுந்து எடுக்கிறவர்களைப் படம் பிடிப்பதென்றால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் குறுக்கே போகாதீர்கள். கிலோ குறைந்தால் அன்றைய சம்பளமும் குறையும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் இருபத்தைந்து நாள் வேலை செய்தாலும் 33,750தான் கிடைத்தது. நல்ல சொகுசுப் பங்களாவில் ஓர் இரவுக்கு அதைவிட அதிகம். பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும், இருந்தாலும் அப்புவுக்கும் வாட்சருக்கும் கையிலேயே தனியாகக் கொடுங்கள்.

எனக்கு எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டால்: ஆகஸ்ட் மாதம், வாரநாள், அப்புத்தளை, பழைய பங்களா. நவம்பர் மழையில் புதுக்குடில் ஒன்றில் சும்மா தங்கச் சொன்னாலும் நான் வரமாட்டேன்.